கைனகோமாஸ்டியா ஆபரேஷன்: எந்த வழியில் போனால் திரும்ப வளரும், எதில் வளராது

கைனகோமாஸ்டியாவை, அதாவது ஆணுக்குச் சுரப்பி பெருத்து வளரும் மார்பகத்தை, ஆபரேஷன் செய்து எடுக்க நினைப்பவர்கள் செலவைக் கேட்பதற்கு முன்பே கேட்பது, "எடுத்த பிறகு திரும்ப வருமா?" என்பதைத்தான். வெட்டி எடுத்த சுரப்பி திரும்ப முளைக்காது. ஆனால் எந்த ஆபரேஷனிலும் சுரப்பியைக் கடைசித் துணுக்கு வரை எடுப்பதில்லை. காம்புக்கு அடியில் கொஞ்சம் விட்டுத்தான் வைப்பார்கள். அந்த மிச்சத்தைத் தூண்டும் ஹார்மோன் நிலை உடம்பில் நீடித்தால் அது வளரும். நீடிக்காவிட்டால் கடைசி வரை அப்படியே கிடக்கும்.

பதில் இவ்வளவுதான் என்றாலும் முடிவெடுக்க இது போதாது. "திரும்ப வந்துவிட்டது" என்று மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு வந்திருப்பது புது வளர்ச்சியே இல்லை. முதல் ஆபரேஷனில் எடுக்காமல் விட்ட சுரப்பி வீக்கம் வடிந்ததும் வெளியே தெரிந்திருக்கும். அல்லது எடை ஏறிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். அல்லது உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் வடு கட்டிபோலத் தட்டுப்படும். உண்மையான மறுவளர்ச்சி இவை எல்லாவற்றையும்விட அரிது. அதனால் சிகிச்சை வழிகளை ஒப்பிடும்போது, ஒவ்வொரு வழியும் எதை எடுக்கிறது என்பதைவிட எதை உள்ளே விட்டுவைக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். விட்டதைத் தூண்டக்கூடிய காரணம் ஏதாவது உங்கள் உடம்பில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

கையில் தட்டுப்படுவது சுரப்பியா, கொழுப்பா?

மல்லாந்து படுத்துக்கொண்டு, பார்க்க வேண்டிய பக்கத்துக் கையைத் தலைக்கு அடியில் வையுங்கள். மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரண்டு ஓரங்களில் ஊன்றி, சதையை மெல்லப் பிடித்தபடி காம்பை நோக்கி நகர்த்துங்கள். வெறும் கொழுப்பு என்றால் விரல்கள் தடையில்லாமல் காம்பு வரை வந்து சேரும். சுரப்பி இருந்தால் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தை நெருங்கும்போதே ஏதோ ஒன்று தடுக்கும். பள்ளிக்கூட அழிரப்பரைத் தோலுக்கு அடியில் வைத்தாற்போல, கொஞ்சம் நழுவுகிற, ஓரம் தெரிகிற ஒரு வட்டத் தட்டு. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும்: நடுவில் தட்டு, சுற்றிலும் கொழுப்பு.

ஆபரேஷன் மேசையிலும் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும். கொழுப்பு மஞ்சளாக, முத்து முத்தாக, விரலால் நசுக்கினால் நசுங்குவதாக இருக்கும். சுரப்பி வெள்ளையாக, நார்நாராக, இழுத்தால் திரும்பச் சுருங்குவதாக இருக்கும். லிப்போசக்‌ஷனுக்குப் (கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுப்பது) பயன்படுத்தும் 3 அல்லது 4 மில்லிமீட்டர் குழாய் கொழுப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகும். சுரப்பியில் மோதினால் ஓரமாக விலகிவிடும், அல்லது சிக்கி நிற்கும். கீழே வரும் ஒப்பீட்டில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கிறது.

முதலில் காரணம்

உடம்பில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கி, ஆண் ஹார்மோனின் கை தாழும்போது மார்புச் சுரப்பி வளர்கிறது. பிறந்த குழந்தைக்கும், 13, 14 வயதுப் பையனுக்கும், 50 வயதைத் தாண்டியவருக்கும் இது இயற்கையாகவே நேரலாம். மற்ற வயதுகளில் காரணத்தைத் தேடாமல் கத்தியை எடுக்கக் கூடாது. காரணம் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்யும் ஆபரேஷன், குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி.

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஈரல் நோயில் வயிற்றில் நீர் கோப்பதற்கும் இதயச் செயலிழப்புக்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன் பெயர்பெற்ற குற்றவாளி. முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான பைகலூட்டமைடு, மனநலச் சிகிச்சையில் ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு ஆகியவையும் பட்டியலில் உண்டு. நம் ஊரில் பலர் கவனிக்காமல் விடுவது வயிற்று மாத்திரைகளை. நெஞ்செரிச்சலுக்கு என்று மாதக்கணக்கில் விழுங்கும் காப்ஸ்யூல்களில் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனோ லெவோசல்பிரைடோ சேர்ந்திருக்கும். இரண்டுமே பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றும். சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் பழகியவர் இதை ஒரு மருந்தாகவே நினைப்பதில்லை, மருத்துவர் கேட்டாலும் சொல்வதில்லை. அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

அடுத்தது ஜிம். தசைக்காக வெளியிலிருந்து ஏற்றும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனில் (ஜிம்மில் ஸ்டீராய்டு என்பது இதைத்தான்) ஒரு பகுதியை உடம்பு அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். ஊசியை நிறுத்திய பிறகும் ஆபத்து ஓய்வதில்லை. சொந்த டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தி படுத்துவிட்டிருக்கும், அது எழுந்து நிற்கப் பல மாதங்கள் ஆகும், அந்த இடைவெளியில் ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கும். அதைச் சரிக்கட்ட என்று போடும், விரைகளைத் தூண்டும் எச்சிஜி ஊசியும் ஈஸ்ட்ரோஜனை உயர்த்தும். சாதாரண வே புரோட்டீனுக்கும் கிரியேட்டினுக்கும் சுரப்பியை வளர்க்கும் தன்மை இருப்பதாக நிரூபணம் இல்லை. அடையாளமில்லாத டப்பாவில் ஹார்மோன் கலந்திருப்பதுதான் பிரச்சினை.

நோய்களில் ஈரல் சுருக்கம், நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, தைராய்டு மிகைச் சுரப்பு, விரைகளின் செயல் குறைவு, கிளைன்ஃபெல்டர் நிலை (ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது), விரையில் கட்டி ஆகியவை முக்கியம். விரைக் கட்டி ஒன்றுக்காகவே, மார்பைக் காட்டப் போனவரின் விரைகளையும் மருத்துவர் தொட்டுப் பார்க்க வேண்டும். கூச்சத்தில் தவிர்த்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டீரோன் (காலை 8 முதல் 10 மணிக்குள் எடுத்தது), எல்எச், எஃப்எஸ்எச் (விரைகளை இயக்கும் ஹார்மோன்கள்), எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை), பீட்டா எச்சிஜி (சில விரைக் கட்டிகளில் ஏறுவது), புரோலாக்டின், டிஎஸ்எச் (தைராய்டுக்கானது), ஈரல், சிறுநீரக அளவுகள் பார்ப்பார்கள். எல்லோருக்கும் எல்லாம் தேவைப்படாது. பருவ வயதில் தொடங்கி வருடக்கணக்கில் மாறாமல் நிற்கும் மார்புக்கும், 35 வயதில் மூன்றே மாதத்தில் வலியோடு புடைத்த மார்புக்கும் தேடல் ஒன்றாக இருக்காது.

காத்திருப்பதும் மாத்திரையும்

பருவ வயதுப் பையன்களில் பெரும்பாலோருக்கு இது 6 மாதம் முதல் 2 வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அடங்கப்போகிற ஒன்றை 14 வயதில் வெட்டினால் இரண்டு நஷ்டம். தேவையில்லாத வடு ஒன்று. மிச்சம் வைத்த சுரப்பிக்கு இன்னும் மூன்று நான்கு வருடம் பருவ ஹார்மோன்களின் தூண்டுதல் கிடைப்பது மற்றொன்று. உண்மையான மறுவளர்ச்சிக்கு வாய்ப்பு அதிகமுள்ள கூட்டங்களில் இதுவும் ஒன்று. 18 வயதை ஒட்டி, வளர்ச்சி முடிந்து, ஒரு வருடத்துக்கு மேல் அளவு மாறாமல் நின்ற பிறகு செய்யும் ஆபரேஷன்தான் நிலைக்கும்.

இந்தக் காத்திருப்பு பையனுக்கு எவ்வளவு கனமானது என்பதைப் பெற்றோர் குறைத்து எடைபோடக் கூடாது. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்பதற்காக வாசலிலேயே நின்றுகொள்கிற பிள்ளை, நீச்சலுக்கு வராத பிள்ளை, வெயில் காலத்திலும் இரண்டு பனியன் போடுகிற பிள்ளை சோம்பேறியும் அல்ல, பிடிவாதக்காரனும் அல்ல. மனம் அதிகமாக ஒடுங்கிப்போனால், அளவு மிகப் பெரிதாக இருந்தால், 18-க்கு முன்பே செய்வதும் சரியான முடிவுதான். பிற்பாடு இன்னொரு சின்னத் திருத்தம் தேவைப்படலாம் என்று தெரிந்தே செய்ய வேண்டும்.

மாத்திரைக்கு ஒரு காலக்கெடு உண்டு. சுரப்பி புதிதாக, தொட்டால் வலிக்கிற நிலையில், ஏறக்குறைய முதல் 6 முதல் 12 மாதத்துக்குள் இருந்தால், மார்பில் ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கும் டமாக்சிஃபென் நாளொன்றுக்கு 10 அல்லது 20 மில்லிகிராம் வீதம் 3 மாதம் வரை தருவார்கள். வலி முதலில் குறையும், அளவும் ஓரளவு சுருங்கும். ஒரு வருடம் தாண்டினால் சுரப்பியின் இடத்தில் நார்த்திசு படிந்துவிடும், அதன்மேல் எந்த மாத்திரையும் வேலை செய்யாது. அரோமட்டேஸைத் தடுக்கும் அனாஸ்ட்ரசோல் பருவ வயதுப் பையன்களிடம் சோதிக்கப்பட்டபோது வெற்று மாத்திரையைவிட மேலாக எதையும் செய்யவில்லை. டமாக்சிஃபெனுக்குக் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் உண்டு. ஜிம் நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போடும் சரக்கு அல்ல அது.

உடற்பயிற்சியால் கொழுப்பு குறையும், சுரப்பி குறையாது. புஷ்அப் எடுத்து மார்புத் தசை பெருத்தால் மேலிருக்கும் தட்டு முன்னைவிடத் தள்ளித் தெரிவதும் உண்டு. ஆனால் ஆபரேஷனுக்கு முன் எடையைக் குறைத்து 6 மாதமாவது அதே எடையில் நிற்பது, பின்னால் வரும் ஏமாற்றத்தைப் பெரிதும் குறைக்கும்.

லிப்போசக்‌ஷன் மட்டும்

அக்குள் ஓரத்திலோ மார்பின் கீழ் மடிப்பிலோ அரை சென்டிமீட்டர் துளை. முதலில் உப்பு நீர், லிக்னோகெய்ன், அட்ரினலின் கலந்த திரவத்தை ஏற்றுவார்கள். ரத்தக்கசிவு குறையவும் வலி மரக்கவும் அது. பிறகு குழாயை நுழைத்து உறிஞ்சுவார்கள். வடு கண்ணுக்கே தெரியாது, வேலைக்குத் திரும்ப சில நாட்கள் போதும். கொழுப்பு மட்டும் உள்ள மார்புக்கு இதைவிடச் சரியான வழி இல்லை.

சிக்கல், சுரப்பி உள்ள மார்புக்கும் இதையே செய்வதில்தான். சுற்றியிருந்த கொழுப்பு போய்விடும், நடுத்தட்டு நிற்கும். முதல் மாதம் முழுக்க வீக்கமும் இறுக்க உடையும் மறைத்துவிடும், கண்ணாடியில் தட்டையாகத் தெரியும். மூன்றாவது மாதம் வீக்கம் வடிந்ததும், காம்பு மட்டும் கூம்புபோல முன்னே நிற்கும். முன்பு சுற்றுக் கொழுப்பு அதன் ஓரத்தை மறைத்திருந்தது, இப்போது அந்த மறைப்பும் இல்லை. "ஆபரேஷன் பண்ணின இடத்தில் திரும்ப வளர்ந்துவிட்டது" என்ற புகார்களில் பெரும்பங்கு இதுவே. வளர்ந்தது எதுவும் இல்லை, எடுத்ததும் இல்லை.

அல்ட்ராசவுண்ட் அலையால் கொழுப்பை இளக்கும் வேசர், அதிர்கிற முனையுள்ள குழாய் போன்றவை நார் கலந்த கொழுப்பில் நன்றாக வேலை செய்யும், தோல் கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கவும் உதவலாம். காம்புக்கு நேர் கீழே இருக்கும் கெட்டித் தட்டை இவையும் முழுதாக எடுக்காது. "வேசரில் சுரப்பியும் கரைந்துவிடும், வெட்டே வேண்டாம்" என்று சொல்லும் இடத்தில் எழுந்து வருவது நல்லது. இன்னொரு குறையும் உண்டு: உறிஞ்சி எடுத்ததைத் துண்டாகப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒழுங்காக அனுப்ப முடியாது.

சுரப்பியை வெட்டி எடுப்பது

7-ஆம் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் ஏஜினா பவுல் மார்பின் கீழே பிறை வடிவில் கீறி இதைச் செய்வதை எழுதி வைத்திருக்கிறார். இன்றைய கீறல் 1946-இல் அறுவை மருத்துவர் வெப்ஸ்டர் விவரித்தது: கருவட்டத்தின் கீழ் ஓரத்தில், கறுப்பும் வெளுப்பும் சேரும் கோட்டிலேயே அரைவட்டம். நிறம் மாறும் இடம் என்பதால் வடு அதிலேயே கரைந்துவிடும். கோட்டிலிருந்து 2 மில்லிமீட்டர் விலகினால்கூட நம் தோல் நிறத்தில் வெள்ளைக் கீற்றாகத் தெரியும்.

இங்கே எல்லாம் ஒரு சென்டிமீட்டரில் இருக்கிறது. காம்புக்கு அடியில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள தட்டை அறுவை மருத்துவர் வேண்டுமென்றே விட்டுவைப்பார். காம்புக்கு ரத்தம் வருவது அதன் வழியாக. காம்பு உள்ளே குழிந்துபோகாமல் தாங்குவதும் அதுவே. அதையும் சுரண்டி எடுத்தால் காம்பு சாசர்போலக் குழிந்து, மார்புத் தசையோடு ஒட்டி, கையைத் தூக்கும்போது உள்ளே இழுக்கும். இரண்டு சென்டிமீட்டர் விட்டுவிட்டால் புடைப்பு போகவே போகாது, "திரும்ப வந்தது" என்று பெயர் வாங்கும். குழிவைச் சரிசெய்வது மிச்சத்தை எடுப்பதைவிடக் கடினம். ஆகவே பயந்து சற்று அதிகம் விடும் மருத்துவரைவிட, "நூறு சதவீதம் எடுத்துவிடுகிறேன், திரும்பவே வராது" என்று உறுதி கொடுப்பவரிடம்தான் எச்சரிக்கை அதிகம் தேவை.

மிச்சம் விழும் இன்னொரு இடம் ஓரங்கள். சுரப்பி வட்டமாகத் தெரிந்தாலும் அக்குள் பக்கமாகவும் கீழேயும் விரல்விரலாக நீளும். நடுத்தட்டை மட்டும் வெட்டி அந்த விரல்களை விட்டால், சில மாதம் கழித்து ஓரத்தில் கட்டி தட்டுப்படும். கொழுப்பே இல்லாத, தசை வரி தெரியும் உடற்கட்டு வீரர்களிடம் இது இன்னும் துல்லியமாகச் செய்யப்பட வேண்டிய வேலை. மறைக்கக் கொழுப்பு இல்லாததால் ஓரத்தில் நிற்கும் அரை சென்டிமீட்டர் மிச்சமும் பனியனுக்கு வெளியே தெரியும்.

இரண்டும் சேர்த்து

சுற்றுக் கொழுப்பை உறிஞ்சி, நடுத்தட்டைக் கருவட்டக் கீறல் வழியாக வெட்டி எடுப்பது. கலப்பு மார்புக்கு இதுதான் இன்றைய வழக்கமான தேர்வு. பெரும்பாலானவர்களுக்குக் கலப்பு மார்பு என்பதால் பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருந்தும். உறிஞ்சுதல் முதலில் நடப்பதால் சுரப்பி சுற்றிலும் தளர்ந்து, விரல்போன்ற நீட்சிகளோடு எடுக்க வசதி. ஓரம் படிப்படியாகத் தேய்ந்து இறங்குவதால் மேடு பள்ளம் தெரியாது. சிலர் லிப்போசக்‌ஷன் துளை வழியாகவே சுரப்பியைத் துண்டு துண்டாக இழுத்து எடுப்பார்கள். கருவட்டத்தில் வடுவே இருக்காது என்பது லாபம். கண்ணால் பார்த்து வெட்டுவதில்லை என்பதால் மிச்சம் நிற்கும் வாய்ப்பு கூடுதல். இரண்டில் ஒன்றைத் தேர்வது என்றால், வடுவுக்குப் பயப்படுகிறவர் முதல் மூன்று மாதத்தையும், மிச்சத்துக்குப் பயப்படுகிறவர் அடுத்த பத்து வருடத்தையும் நினைக்கிறார். எங்கள் கணிப்பில் கெட்டித் தட்டு நன்றாகக் கைக்குத் தெரிகிறவர்கள் கருவட்டக் கீறலையே தேர்வது நல்லது.

மார்பு தொங்கிய நிலையில், அதாவது மருத்துவர் சைமன் 1973-இல் வகுத்த தரத்தில் மூன்றாம் நிலையில், தோலையும் குறைக்க வேண்டியிருக்கும். வெளி வடு நீளும். தோலைக் குறைக்காமல் உள்ளே மட்டும் காலி செய்தால் பை தொங்கும். அதைப் பார்த்தும் "திரும்ப வந்துவிட்டது" என்பார்கள். பலருக்கு 6 முதல் 12 மாதத்தில் தோல் தானே ஓரளவு சுருங்கும் என்பதால், நடுத்தர அளவான இரண்டாம் நிலையில் இருப்பவர்களுக்குத் தோல் வெட்டை அதுவரை தள்ளிப்போடுவதே வழக்கம்.

ஆபரேஷனுக்குப் பின் எது எப்போது புடைக்கும்

காலத்தை வைத்தே பாதி நோயறிய முடியும்.

முதல் மூன்று நாளில், ஒரு பக்கம் மட்டும், விறுவிறுவென்று இறுகி வலித்தால் ரத்தக் கட்டு. இரவானாலும் உடனே மருத்துவமனை. இந்த ஆபரேஷனில் ஆரம்ப நாட்களில் அதிகம் நேரும் சிக்கல் இதுதான். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்துகளை எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்டே முன்கூட்டி நிறுத்துவதும், முதல் வாரம் கனம் தூக்காமலிருப்பதும் இதைத் தவிர்க்கவே.

ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் தட்டினால் தண்ணீர்ப் பைபோல அலைந்தால், நீர் கோத்திருக்கிறது. ஊசியால் உறிஞ்சினால் சரியாகும், சில சமயம் இரண்டு மூன்று முறை உறிஞ்ச வேண்டும். இறுக்க உடையை 4 முதல் 6 வாரம், முதல் சில வாரங்களில் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுக்க அணியச் சொல்வது இதற்காகத்தான். நம் ஊர் வெயிலில் வியர்க்கிறது, அரிக்கிறது என்று பத்தாம் நாளே கழற்றி வைத்துவிடுகிறார்கள். இரண்டு உடை வாங்கி மாற்றி மாற்றித் துவைத்து அணிந்தால் தாங்க முடியும்.

ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை கருவட்டத்துக்கு அடியில் கல்போல ஒன்று தட்டுப்பட்டால் பெரும்பாலும் வடு. இந்தக் கட்டத்தில்தான் பலர் நள்ளிரவில் தேடிப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். வாரம் ஒருமுறை ஒரே நாளில், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வையுங்கள். மாதத்துக்கு மாதம் சுருங்குவது வடு. மருத்துவர் சொன்ன நாளிலிருந்து விரல் நுனியால் வட்டமாக அழுத்தித் தேய்த்தால் விரைவில் இளகும். பிடிவாதமான வடுவுக்கு அதை இளக்கும் ட்ரையம்சினலோன் ஊசி போடுவதும் உண்டு. ஆறு மாதத்துக்கு முன் இறுதி வடிவம் என்று எதையும் சொல்லக் கூடாது.

முதல் நாளிலிருந்தே மாறாமல், வீக்கம் வடிந்ததும் தெளிவாகத் தெரிந்து, பிறகு வளரவும் சுருங்கவும் செய்யாதது விட்டுப்போன சுரப்பி. இரண்டு பக்கமும் பரவலாக, மென்மையாக, இடுப்பும் கூடவே பெருத்திருந்தால் கொழுப்பு. உறிஞ்சி எடுத்த கொழுப்பு அணுக்கள் திரும்புவதில்லை, மிச்சமிருக்கும் அணுக்கள் எடைக்கேற்பப் பருக்கும். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் இருப்பதால் அதிக எடை ஈஸ்ட்ரோஜனையும் கூட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருடமோ அதற்கு மேலோ தட்டையாக இருந்துவிட்டு, காம்புக்குக் கீழே கூச்சமும் வலியுமாகத் தொடங்கிப் புதிதாக ஒரு தட்டு தடிக்கிறது என்றால், அதுதான் உண்மையான மறுவளர்ச்சி. கிட்டத்தட்ட எப்போதும் பின்னால் ஒரு காரணம் இருக்கும்: மறுபடி தொடங்கிய ஸ்டீராய்டு சுற்று, புது மாத்திரை, ஈரல், விரை. ஆபரேஷன் பண்ணியாகிவிட்டது, இனி தைரியமாக ஊசி போடலாம் என்று ஜிம்மில் பரவியிருக்கும் நம்பிக்கை தவறு. ஒரு சென்டிமீட்டர் மிச்சம் போதும்.

இவற்றில் எதிலும் சேராதது ஒன்று உண்டு. காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஒதுங்கி, ஒரு பக்கம் மட்டும், கல்லாக, அசையாமல் இருப்பது, காம்பு உள்ளே இழுப்பது, ரத்தம் கசிவது, தோல் புண்ணாவது, அக்குளில் நெறி கட்டுவது. மார்பகப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 1 சதவீதம் ஆண்களுக்கு வருவது. இதில் காத்திருப்பது கிடையாது: ஸ்கேன், மேமோகிராம், ஊசித் திசுப் பரிசோதனை.

யாருக்கு எந்த வழி

15 வயது, ஒன்றரை வருடமாக இருக்கிறது, அளவு சிறிது: காத்திருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள். 22 வயது, பள்ளிக் காலத்திலிருந்தே மாறாத கெட்டித் தட்டு, பரிசோதனைகள் சரி: சுரப்பி அகற்றமும் லிப்போசக்‌ஷனும் சேர்ந்தது. திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறைந்த கூட்டம் இது, தயங்கத் தேவையில்லை. 40 வயது, எடை கூடுதல், விரல்கள் தடையின்றிச் சேர்கின்றன: முதலில் எடை, பிறகும் நின்றால் லிப்போசக்‌ஷன் மட்டும்.

ஸ்டீராய்டு எடுத்தவருக்கு வழி ஒன்றுதான், வரிசைதான் முக்கியம். நிறுத்த வேண்டும், சொந்த டெஸ்டோஸ்டீரோன் மீண்டதை ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும், பிறகு ஆபரேஷன். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவர் தீர்ப்புச் சொல்ல உட்காரவில்லை. மறைத்தால் நஷ்டம் உங்களுக்கே. திரும்பவும் போடத்தான் போகிறேன் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். எவ்வளவு விடுவது, என்ன எதிர்பார்ப்பது என்ற கணக்கே மாறும்.

நிறுத்த முடியாத மருந்து எடுப்பவர்கள் தனிக் கூட்டம். ஸ்பைரோனோலாக்டோனை இதய அல்லது ஈரல் மருத்துவரே வேறொன்றாக, உதாரணமாக எப்லரினோனாக, மாற்றித் தரலாம். நீங்களாக நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. பைகலூட்டமைடு தொடங்கப்போகும் புராஸ்டேட் நோயாளிக்கு மார்பு வளர்ந்த பிறகு வெட்டுவதைவிட, தொடக்கத்திலேயே டமாக்சிஃபெனோ மார்புக்குச் சிறிய கதிரியக்கச் சிகிச்சையோ தந்து தடுப்பது மேல்.

ஏற்கெனவே ஒருமுறை செய்து மிச்சம் நிற்கிறவர்களுக்கு மறு ஆபரேஷன் உண்டு, பழைய வடு வழியாகவே செய்யலாம். 6 மாதத்துக்கு முன் வேண்டாம். வடு இளக ஒரு வருடம் காத்தால் இன்னும் நல்லது. உள்ளே எல்லாம் ஒட்டியிருப்பதால் முதல் தடவையைவிட வேலை கடினம், காம்பின் உணர்ச்சி குறையும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே முதல் தடவையே எம்.சி.எச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி முடித்தவரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவுகளிலும் இது செய்யப்படுகிறது. புகை பிடிப்பவர் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். காம்புக்குப் போகும் மெல்லிய ரத்த ஓட்டம் நிகோட்டினைத் தாங்காது.

ஆபரேஷனுக்கு முன் மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: சுரப்பியை வெட்டுவீர்களா, உறிஞ்சுவது மட்டுமா? காம்புக்கு அடியில் எவ்வளவு விடுவீர்கள்? எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? முடிந்து வீட்டுக்கு வரும்போது பில்லோடு நின்றுவிடாமல் ஆபரேஷன் குறிப்பின் நகலையும், பின்னர் வரும் திசுப் பரிசோதனை அறிக்கையையும், மூன்றாவது மாதத்துப் படத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து மார்பில் ஏதாவது தட்டுப்பட்டால், அது விட்டதா வளர்ந்ததா என்று புது மருத்துவருக்குச் சொல்லப்போவது அந்தக் கோப்புதான்.